மயக்கத்துக்கு அளவு கண்டவர்

சத்திரசிகிச்சைக்கு உட்படும் நோயாளி கத்தியின் கூர்மையை அறியாது உறங்குகிறான். அவன் உறங்குவதிலும் பெரிய காரியம் அவன் மீண்டும் விழித்தெழுதல். அதனையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர்களுள் முதல்வர் எனத்தக்கவர் ஜோன் ஸ்னோ.

1813 மார்ச் 15 ஆம் திகதி, இங்கிலாந்தின் யோர்க் நகரில், கூலித் தொழிலாளி ஒருவரின் ஒன்பது மக்களுள் மூத்தவராக அவர் பிறந்தார். 14 வயதில் நியூகாசில் நகர வைத்தியர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1836 இல் இலண்டன் சென்று கல்வியைத் தொடர்ந்து, 1844 இல் மருத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்றார். இளமையிலேயே மதுவும் புலாலும் துறந்தவர், மணம் புரியாதவர்.

1846 அக்டோபர் 16 இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், வில்லியம் மோர்ட்டன் என்பவர் நோயாளி ஒருவரை ஈதர் ஆவியால் மயக்க, நோவின்றிச் சத்திரசிகிச்சை நடந்தேறியது. அவ்வாண்டு முடியுமுன் செய்தி இலண்டனை எட்டியது. வியந்தவர் பலர். ஆயினும் அம்மருந்து சிலரை மயக்கியது. வேறு சிலரோ மயங்காது அலறினர். காரணத்தை ஸ்னோ ஆராய்ந்தார். வெப்பம் கூடக்கூடக் காற்று ஏற்கும் ஈதரின் அளவும் கூடும் என்பதைக் கணக்கிட்டு அட்டவணை வகுத்தார். வெப்பநிலையைச் சீராக வைக்கும் கருவியொன்றையும் அமைத்தார். 1847 இல் வெளியிட்ட நூலில் மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார்.

அவ்வாண்டு நவம்பரில் எடின்பரோ நகரத்து ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமை அறிமுகப்படுத்தினார். கைக்குட்டையில் சில துளி விட்டு முகர்வித்தாற் போதும். அந்த எளிமையே ஆபத்தாயிற்று. 1848 ஜனவரி 28 இல், நியூகாசிலுக்கு அண்மையில், கால்நகம் ஒன்றை அகற்றும்பொருட்டு மயக்கப்பட்ட ஹன்னா கிறீனர் என்னும் 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். மயக்கந் தெளிவிக்க வாயில் ஊற்றிய பிராந்தியும் நீருமே அவளைக் கொன்றன என்றார் சிம்சன். ஸ்னோவோ, துணியிலிருந்து எழும் ஆவியின் செறிவை ஒருவரும் அளக்காமையே காரணம் எனக் கொண்டார். மூச்சுக் காற்றில் அவ்வாவி நூற்றுக்கு ஐந்து பங்கை மிஞ்சாதபடி காக்கும் கருவியைக் கையாண்டார்.

தாம் மயக்கிய நோயாளர் ஒவ்வொருவரின் நிலையையும் 1848 முதல் குறித்து வைத்தார். அவர் குளோரோபோம் கொடுத்தோர் தொகை நாலாயிரத்துக்கு மேற்பட்டது. 1853 இலும் 1857 இலும் விக்டோரியா மகாராணியாரின் பிள்ளைப்பேற்றின்போது மருந்து கொடுத்தவரும் அவரே. பிறர் கையில் நேர்ந்த மரணங்களையும் தேடித் திரட்டி, ஐம்பதை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

அவருடைய நேர்மையைச் சோதித்தது அமிலீன் என்னும் மருந்து. 1856 இல் அவரே அதனைப் புகுத்தினார். 238 பேருக்குக் கொடுத்ததில் இருவர் இறந்தனர். ஸ்னோ அம்மரணங்களை மறைத்தாரல்லர். உலகறிய எழுதி, அம்மருந்தையே கைவிட்டார். தம் பெயருக்கு வரும் இழுக்கினும் அடுத்த நோயாளியின் உயிர் அவருக்குப் பெரிதாயிருந்தது.

ஆவிகளின் இயல்பை அறிந்த அறிவே, வாந்திபேதி தீய காற்றால் பரவுகிறது என்ற அக்காலக் கொள்கையை ஐயுறவும் அவரைத் தூண்டியது. 1854 இல் இலண்டனின் புறோட் வீதிக் குழாய்நீரே நோயைப் பரப்பியதென மரணங்களை எண்ணிக் காட்டினார். அங்கும் இங்கும் அவர் கையாண்ட முறை ஒன்றே: அளத்தல், எண்ணுதல், காரணம் தேடுதல்.

1858 ஜூன் 16 இல், 45 வயதில் அவர் மறைந்தார். குளோரோபோம் பற்றிய அவரது பெருநூல் அவ்வாண்டே, அவர் மறைவின் பின்னர், வெளிவந்தது.

இன்று குளோரோபோம் வழக்கொழிந்துவிட்டது. ஸ்னோவின் கேள்வி ஒழியவில்லை. 2008 இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்குமுன் நோயாளி யார், சிகிச்சை யாது, கருவிகள் செம்மையாயுள்ளனவா என்று கேட்டு உறுதிசெய்வதே அதன் தொடக்கம். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைக் கையாண்டபோது, மரணம் நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததென 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. புதுமருந்து எதுவும் அங்குப் பயன்படவில்லை, கவனமே மருந்தாயிற்று. தொழிலாளியின் மைந்தர் கற்பித்த பாடமும் அதுவே.