நெல்லியல் அறிஞர் திங் யிங்

சோறே முதலுணவாகக் கொண்ட நாம் அறிந்திருத்தற்குரிய பெரியாருள் ஒருவர் சீன தேசத்துப் பேராசிரியர் திங் யிங். 1888 ஆம் ஆண்டில், தென்சீனத்துக் குவாங்தொங் மாகாணத்தில், காவ்சௌப் பகுதியிலுள்ள ஏழை உழவர் குடியொன்றிலே அவர் பிறந்தார். கற்றோர் உத்தியோகத்தை நாடிய காலத்தில் அவர் கமத்தொழிற் கல்வியை நாடி யப்பான் சென்றார். இடையிலே தடைப்பட்டும் மீளத் தொடர்ந்தும் நீண்ட அக்கல்வி, தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் 1924 இல் நிறைவெய்தியபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. பின்னர்த் தாய்நாடு மீண்டு, கன்ரன் என்று நாம் கேள்வியுற்ற குவாங்சௌ நகரிலே பேராசிரியரானார்.

1926 இல் அந்நகர்ப் புறத்துச் சதுப்பு நிலமொன்றிலே காட்டு நெல் தானே வளர்ந்து நிற்பதை அவர் கண்டார். அதன் மணி சிறிது, முற்றியதும் உதிர்ந்துவிடும், வயலிற் கண்டால் உழவன் களையென்று பிடுங்கி எறிவான். திங் யிங் எறிந்தாரல்லர். அயல் வயல் நெல்லோடு அது இயற்கையாகவே கலந்திருத்தலை உணர்ந்து, அதன் வித்தை விதைத்து, ஆண்டுதோறும் நல்லனவற்றைத் தெரிந்தெடுத்தார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1933 இல் தோன்றியதே 'சொங்சான் 1' என்னும் நெல்லினம். இடர்ப்பட்ட நிலத்தையும் தாங்கும் வலிமையைக் காட்டு நெல்லிடமிருந்து அது பெற்றிருந்தது. 1936 இல் இந்தியக் காட்டு நெல்லோடு குவாங்தொங் நெல்லை ஒட்டி அவர் பெற்ற பயிரில், ஒரு கதிரிலே 1,400 மணிக்கு மேல் இருந்தன என்பர். நாமறிந்த வயற்கதிர்களில் இருநூறு மணி கண்டாலே மகிழ்வோம்!

1938 இல் யப்பானியர் படை குவாங்சௌவை நெருங்கியது. பிறர் உடைமைகளைக் காக்க விரைந்தபோது, இவர் பல்லாண்டு சேர்த்த நெல்வித்துக்களையும் வற்றாளைக் கொடிகளையும் காத்தார். பல்கலைக்கழகம் யுன்னான் மலைநாட்டிற்குப் பெயர்ந்தபோதும் அவரது ஆராய்ச்சி ஓயவில்லை.

நெல்லின் பெயர் பற்றிய வழக்கே அவர் வாழ்வில் நம்மை மிகவும் ஈர்ப்பது. 1928 இல் யப்பானிய அறிஞர் கற்றோ, ஆசிய நெல்லை 'இந்திக்கா', 'யப்போனிக்கா' என இருவகையாக்கினார். இவ்விரு வகையையும் சீன உழவர் 'சியென்', 'கெங்' எனப் பண்டே பிரித்தறிந்திருக்க, அப்பெயர்கள் மறைவது முறையன்றென்று திங் யிங் வாதிட்டார். நாட்டுப்பற்று மட்டுமே அவரது சான்றன்று. பழைய நூல்களை ஆய்ந்தார். காட்டு நெல் வளரும் இடங்களைத் தொகுத்தார். புதைபொருளாளர் தோண்டியெடுத்த சுட்ட செம்மண்ணிற் பதிந்த நெல்லுமியையும் நோக்கினார். நெல்லின் பிறப்பிடங்களுள் தென்சீனமும் ஒன்றென்பது 1957 இல் வெளியான அவரது கட்டுரையின் துணிபு. 2012 இல் நிகழ்ந்த மரபணு ஆராய்ச்சியொன்றும் தென்சீனத்து முத்தாற்றுப் படுகையையே சுட்டியது. யாங்சி ஆற்றுப் பக்கமே மூலமென்பாரும் பலர். வழக்கு இன்னும் தீர்ந்திலது. உலக நூல்களிலோ கற்றோ இட்ட பெயர்களே பெரிதும் வழங்குகின்றன.

1957 இல் சீன விவசாய விஞ்ஞானக் கழகத்தின் முதல் தலைவராக அவர் அமர்ந்தார். பதவி அவரை மேசையோடு கட்டிவிடவில்லை. எழுபது கடந்த முதுமையிலும், உடல் நலிந்திருந்தும், மழை அரிதான வடமேற்கு மாகாணங்களின் நெல்வயல்களை நேரிற் காணப் புறப்பட்டார். 1964 ஒக்டோபர் 14 ஆம் நாள் ஈரற் புற்றுநோயினாற் பெய்ஜிங்கிலே காலமானார்.