இறந்தவர்களை எண்ணிய பெண்

மே 12 உலகெங்கும் தாதியர் தினம். அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். எங்கள் மண்ணில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் வாரம் தொடங்குவதும் அதே நாளில்தான். இரண்டும் ஒன்றாக வருவது தற்செயல். ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வருகிறது. அவர் ஏந்திய விளக்கைவிட அவர் எழுதிய கணக்குத்தான் அதற்குக் காரணம்.

பாடப்புத்தகத்தில் எனக்கு அவர் கைவிளக்கேந்திய சீமாட்டியாகத்தான் அறிமுகமானார். இரவு நேரத்தில் காயமடைந்தவர்களின் கட்டில்களுக்கிடையே நடந்து செல்லும் தாதி. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் வளர்ந்த பின்னரே அறிந்துகொண்டேன். அந்தப் பாதி முழுக்கக் கணிதம்.

1820 ஆம் ஆண்டு, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தங்கியிருந்த வசதியான ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். அந்த நகரின் பெயரையே பெற்றோர் அவருக்கு வைத்தனர். மகள்மார் இருவருக்கும் தந்தையே மொழிகளையும் வரலாற்றையும் தத்துவத்தையும் கற்பித்தார். ஆனால் புளோரன்ஸ் கணிதம் படிக்க விரும்பியபோது தாய் இணங்கவில்லை. திருமணம் செய்து வீட்டை நடத்தப்போகும் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்பது அக்காலத்தவர் எண்ணம். நீண்ட இழுபறியின் பின்னரே ஆசிரியர் ஒருவரிடம் படிக்க இடம் கிடைத்தது. தாதியாக வேண்டும் என்றபோதும் வீட்டில் அதே எதிர்ப்புத்தான்.

1854 இல் பிரித்தானியா, ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் இறங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 4 ஆம் திகதி 38 தாதியருடன் நைட்டிங்கேல் ஸ்கூட்டாரியை அடைந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி அது. அங்கிருந்த பெரிய படை முகாம் ஒன்று வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. கட்டடத்தின் கீழே கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. காற்றோட்டம் இல்லை. கொலராவும் வயிற்றோட்டமும் தைபசுக் காய்ச்சலும் பரவின.

அவர் போனதும் மரணங்கள் குறைந்துவிட்டன என்றுதான் பலர் நினைக்கிறோம். நடந்தது வேறு. அந்தக் குளிர்காலத்தில் மரணங்கள் கூடின. 1855 ஜனவரியில் பிரித்தானியப் படையின் சராசரி பலம் 32,393 பேர். அந்த ஒரே மாதத்தில் தொற்று நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். போர்க் காயங்களால் இறந்தவர்கள் 83 பேர் மட்டுமே. 32,393 ஐ 2,761 ஆல் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டுக்கும் குறைவாகவே வரும். எதிரி ஒரு வேட்டும் தீர்க்காவிட்டாலும், அதே வேகம் தொடர்ந்திருந்தால் ஒரு வருடத்துக்குள் அந்தப் படை முழுவதையும் நோயே தின்று தீர்த்திருக்கும்.

மார்ச் மாதத்தில் சுகாதார ஆணைக்குழு ஒன்று வந்து கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கு வழிசெய்தது. பெப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 ஆக இருந்த மரணம், ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 2 ஆக இறங்கியது.

1856 இல் அவர் நாடு திரும்பியபோது மக்கள் அவரைக் கொண்டாடக் காத்திருந்தனர். அவரோ கொண்டாட்டங்களைத் தவிர்த்து, பதிவேடுகளோடு உட்கார்ந்தார். இறந்தவர்களின் தொகை ஒரு பதிவேட்டில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறொன்றாகவும் இருந்தது. பிறப்பு இறப்புப் பதிவகத்தில் பணியாற்றிய புள்ளிவிபரவியலாளர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து அவற்றை ஒழுங்குபடுத்தினார். தான் இரவு பகலாக உழைத்த ஸ்கூட்டாரியின் சுகாதாரக் கேடே பெருந்தொகையானோரைக் கொன்றது என்பதை அந்தக் கணக்குக் காட்டியது. அவருடைய புகழுக்கு அது உகந்த முடிவல்ல. ஆனாலும் அவர் அதை மறைக்கவில்லை. 1858 இல் வெளியான தனது நீண்ட அறிக்கையில் எழுதினார்.

எண்களின் அட்டவணையை அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே படம் வரைந்தார். ஒரு வட்டத்தை மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஆரைச்சிறைகளாகப் பிரித்தார். எல்லாவற்றின் கோணமும் ஒன்றே, 30 பாகை. மாறுவது ஆரை மட்டும். மரணத்தைக் காட்டுவது பரப்பளவு. ஆரையை இரண்டு மடங்காக்கினால் பரப்பளவு நான்கு மடங்காகிவிடும் என்பதால், ஆரையை மரண வீதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப எடுக்கவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் படம் பொய் சொல்லும். தொற்று நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கறுப்பு. சிவப்பைச் சுற்றிப் பரந்து கிடக்கும் நீலத்தைப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் அவை.

சமாதான காலத்தில்கூட, இங்கிலாந்தின் படை முகாம்களில் இருந்த இளம் சிப்பாய்கள் அதே வயதுப் பொதுமக்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வீதத்தில் இறந்தனர் என்பதையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். படை முகாம்களின் சுகாதாரம் சீர்செய்யப்பட்டது. படையினரின் சுகாதாரப் புள்ளிவிபரங்களைத் திரட்ட ஒழுங்கான முறை வந்தது. இலண்டன் புள்ளிவிபரவியல் சங்கம் தனது முதல் பெண் உறுப்பினராக அவரை ஏற்றது. 1860 இல் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. எல்லா வைத்தியசாலைகளும் ஒரே மாதிரியான படிவத்தில் நோயையும் மரணத்தையும் பதியவேண்டும் என்ற அவரது திட்டமும் அதே ஆண்டு இலண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளிவிபரவியல் மாநாட்டின் முன் வைக்கப்பட்டது. இவற்றில் பெரும்பகுதியை அவர் நோயாளியாகப் படுக்கையில் இருந்தபடியே செய்தார்.

நாட்டை ஆள்பவர்கள் புள்ளிவிபரங்களைக் கற்காமலே சட்டம் இயற்றுகிறார்கள் என்பது கடைசிவரை அவரது மனக்குறையாக இருந்தது. ஒக்ஸ்போர்ட்டில் அதற்கெனப் பேராசிரியர் பதவி ஒன்றை உருவாக்க 1891 இல் முயன்றார். அது கைகூடவில்லை. 1910 ஓகஸ்ட் 13 இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யலாம் என்ற அழைப்பைக் குடும்பம் ஏற்கவில்லை. ஊர்க் கல்லறையில் உள்ள நினைவுக்கல்லில் அவரது பெயர் முதலெழுத்துகளாக மட்டுமே உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அவர் வரைந்த வட்டத்தில் எண்ணப்பட்டவர்கள் பிரித்தானியப் படையினர் மட்டுமே. அந்தப் போரில் மாண்ட பொதுமக்களுக்கு அதில் ஒரு துண்டும் இல்லை. ஓர் அரசு தன்னுடைய படையினரைத்தான் எண்ணும். மற்றவர்களை எண்ணுவதற்கு வேறு யாராவது வேண்டும்.

எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார். 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். போர் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாகப் பதியப்பட்டவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்றுதான் அவர் கேட்டார். ஐ.நா. நிபுணர் குழு அதே ஆண்டில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. இரண்டு எண்களுக்கும் இடையில் எத்தனை ஆயிரம் பேர்! நிவாரண அரிசிக்காக எங்களைத் தலை தலையாக எண்ணினார்கள். எங்கள் சாவை யாரும் முறையாக எண்ணவில்லை.

கணிதம் என்றால் பொறியியல் பீடத்துக்குப் போகும் வழி என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சாதாரண தரத்தில் ஆரைச்சிறையின் பரப்பளவு படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியர்கள் ஒரு தடவை அந்தப் பன்னிரண்டு துண்டு வட்டத்தைக் காட்டவேண்டும். அதன் பிறகு, ஆயரின் அந்தக் கழித்தலை அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லவேண்டும்.