வைத்தியமும் இசையும்: தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சரித்திரம்

வடமராட்சிப் பகுதியிலே, எமது உடுப்பிட்டி முதலாய ஊர்களிலே, சைவ பாடசாலை ஆசிரியர்களாயிருப்பவருட் பலர் பாடசாலைக் கடமை முடிந்தபின் பிறிதுமொரு கலையைப் பேணி வருதல் யாவரும் அறிந்ததேயாம். புராண படனஞ் செய்வார் சிலர். பண்ணிசை பயிற்றுவார் சிலர். செய்யுள் இயற்றுவார் சிலர். சிவசம்புப் புலவர் பிறந்த ஊரிலே இஃது ஆச்சரியமன்று. ஆயினும், இரண்டு தோணியிற் கால் வைப்பவர் இரண்டிலும் கரையேறார் என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை மெய்யோ பொய்யோ என்பதனை வாதத்தாற் றுணிதலினும், வாழ்ந்து காட்டிய ஒருவர் சரித்திரத்தாற் றுணிதல் நன்றென்று கருதி, ஆசிரியராய்த் தொடங்கி, வைத்தியராய்ப் பொருளீட்டி, இசையாராய்ச்சியாளராய்ப் புகழ்பெற்ற தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தனம்.

வைத்தியமும் செந்தமிழும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் நம் நாட்டுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தரசர் சிறப்புப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் செய்யுளாலே ஆக்கப்பட்டவை. ஆதலின், முன்னாளிலே பரியாரியாராக வேண்டினோர் முதலிற் செய்யுளைப் பாடஞ்செய்து பொருள் காண வல்லவராதல் வேண்டியிருந்தது. பண்டிதரும் அம்மரபினர்க்கு உறவினரே எனலாம்.

அவர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆந் தேதி, திருநெல்வேலிச் சீமையிலே தென்காசிக்கு அணித்தாகிய சாம்பவர் வடகரை என்னும் ஊரிலே பிறந்தனர். தந்தையார் முத்துசாமி நாடார், தாயார் அன்னம்மாள். குடும்பத்தார் கிறிஸ்து சமயத்தவர். இளமையிலே திண்டுக்கல்லிலிருந்த ஆசிரிய பயிற்சிப் பாடசாலையிற் சேர்ந்து பயின்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டனர். அவ்வூரிலேயே சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் வாசிக்கக் கற்றனர். படம் பிடிக்குந் தொழிலிலும் அவர்க்கு அக்காலத்தே விருப்பம் உண்டாயிற்று. கண்டதனையெல்லாங் கற்க விழையும் இளைஞர் பலர் ஒன்றையும் முற்றக் கல்லாதொழிவர். இவரோ எடுத்த ஒவ்வொன்றனையும் கைவரும்வரை விடாது பற்றும் இயல்பினர்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சி 1877ஆம் ஆண்டளவில் நேர்ந்தது. மூலிகை தேடிச் சுருளிமலைக்குச் சென்றவிடத்தே கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரைக் குருவாகக் கொண்டு, சித்த வைத்திய முறைகளை உபதேசமாகப் பெற்றனர். அக்குருபத்தி அவரை இறுதிவரை விட்டகன்றதில்லை. பிற்காலத்தே தாம் செய்த மருந்துகளுக்குக் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்றும், தாம் அமைத்த தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்றும் பெயரிட்டனர். தம் இசை நூலின் பெயரிலுங் கருணை என்னுஞ் சொல்லை முதலாக வைத்தனர்.

1882ஆம் ஆண்டில் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தனர். அடுத்த ஆண்டு இருவருந் தஞ்சாவூருக்கு வந்து, அங்கிருந்த நேப்பியர் சீமாட்டி பெயராலாய பெண்பாடசாலையிலே ஆசிரியத் தொழில் பூண்டனர். பகலிலே பாடசாலை, எஞ்சிய பொழுதிலே நோயாளரும் மருந்தும். இங்ஙனம் ஏழாண்டுகள் கழிந்தன. நோயாளர் தொகை பெருகப் பெருக, இரு கடமைகளையும் பழுதின்றிச் செய்தல் இயலாதாயிற்று. 1890ஆம் ஆண்டிலே ஆசிரியப் பதவியை விட்டு நீங்கி, வைத்தியத்தையே தொழிலாகக் கொண்டனர். ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தைச் சற்றே ஊன்றி நோக்கல் வேண்டும். பிள்ளைகளுக்குரிய காலத்தைத் திருடி நோயாளர்க்குக் கொடுத்தலும், நோயாளர்க்குரிய சிரத்தையைக் குறைத்துப் பாடசாலைக்குக் கொடுத்தலும் ஆகிய இரண்டுந் தவறே. சம்பளம் நிச்சயமாய்க் கிடைக்கும் பதவியை விட்டு நீங்குதல் குடும்பமுடையார்க்கு எளிதன்று. அவர் அதனைச் செய்தனர்.

தஞ்சையிலே அவர் நடத்திய கருணாநிதி வைத்தியசாலை விரைவிலே பெயர்பெற்றது. கோரோசனை மாத்திரை முதலிய அவருடைய மருந்துகள் தமிழ்நாட்டில் மாத்திரமன்றிக் கடல்கடந்த நாடுகளிலும் விலைபோயின. மருந்துக்கு வேண்டும் மூலிகைகளைப் பிறரை எதிர்பாராது தாமே பயிரிடக் கருதி, 1899ஆம் ஆண்டிலே நகர்ப்புறத்தே நிலம் வாங்கித் தோட்டம் அமைத்தனர். அது பண்டிதர் தோட்டம் என வழங்கலாயிற்று. கரும்பு முதலியவற்றையும் ஆங்கே புதுமுறைகளாற் பயிரிட்டனர். சென்னைக் கவர்னராயிருந்த லாலி துரை அத்தோட்டத்தைப் பார்வையிட்டனர். ஆங்கில அரசினர் ராவ் சாகிப் என்னும் பட்டத்தை அவர்க்கு வழங்கினர்.

இவ்வளவு பொருளும் மதிப்பும் வந்தெய்தியபின் பிறரெல்லாம் ஓய்ந்திருப்பர். பண்டிதரோ, வைத்தியத்தால் வந்த பொருளை இசைக்குச் செலவிடத் தொடங்கினர். 1912ஆம் ஆண்டிலே தஞ்சையிற் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னுஞ் சபையை நிறுவி, வித்துவான்களைப் பல ஊர்களினின்றும் வருவித்து, ஆண்டுகள் சிலவற்றுள் பல மகாநாடுகளைக் கூட்டினர். அவற்றின் செலவைத் தாமே தாங்கினர். தம் இல்லத்து மருந்துச்சாலையை அடுத்தே மின்சாரத்தால் இயங்கும் அச்சியந்திரம் நிறுவினர். நூலை எழுதுபவரும் அச்சிடுவிப்பவரும் ஒருவரேயாயினர்.

அவர் ஆராய்ந்த பொருள் யாதெனில், ஒரு தானத்துள் நிற்கும் சுருதிகள் எத்துணை என்பதேயாம். வடமொழிச் சங்கீத நூலாருட் பலர் 22 என்பர். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் பழைய உரைகளையும் துணைக்கொண்டு, பண்டைத் தமிழர் கொண்டவை 24 என்று சாதித்தனர். 12 இராசிகளை வட்டமாக நிறுத்தி அவற்றிலே சுரங்களை அமைக்கும் முறையை அவர் எடுத்து விளக்கினர். ஆயப்பாலையிலே 12 சுரங்களும், வட்டப்பாலையிலே 24 சுருதிகளும், திரிகோணப்பாலையிலே 48உம், சதுரப்பாலையிலே 96உம் பெறப்படும் என்பது அவர் துணிபு.

மாணாக்கர்க்கு இதனை விளக்க விரும்புவார் பின்வரும் கணக்கைக் கொள்க. சட்சத்தினின்றும் பஞ்சமத்துக்குச் செல்லுதல் ஓசையை ஒன்றரை மடங்காக்குதலாம். அங்ஙனம் 12 முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 மடங்கு வரும். 7 தானங்கள் மேலேறினால் வருவதோ 128 மடங்கு. இரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டுமன்றோ? சிறு மிச்சம் நிற்கின்றது. அம்மிச்சத்தை எங்ஙனந் தீர்ப்பது என்பதே உலகத்து இசைநூலார் யாவர்க்கும் நேர்ந்த இடர். பண்டிதர், வட்டத்தைச் சமபாகமாகப் பங்கிட்டால் மிச்சமின்றி முடியும் என்று கொண்டு, நீண்ட கணக்குகளால் அதனை நிறுவ முயன்றனர். மருந்தை நிறையளவு பிசகாது கூட்டிப் பழகிய கையே இக்கணக்கையும் இட்டதென்று எமக்குத் தோன்றுகின்றது.

1916ஆம் ஆண்டிலே பரோடா மன்னர் ஆதரவில் அகில இந்திய சங்கீத மகாநாடு கூடிற்று. பண்டிதர் அங்குச் சென்று தம் கொள்கையை எடுத்துரைத்தனர். அவருடைய புதல்வியர் மரகதவல்லியுங் கனகவல்லியும் அச்சபையிலே பாடி அக்கொள்கையை மெய்ப்பித்துக் காட்டினர். அடுத்த ஆண்டு, 1917இலே, ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களையுடைய கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. அதன்பின் அவர் நெடுநாள் வாழ்ந்திலர். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆந் தேதி, 60 ஆண்டு நிறைந்த சின்னாளிலே, உலக வாழ்வை நீத்தனர். எஞ்சிய ஆராய்ச்சியை மரகதவல்லியார் 1946ஆம் ஆண்டிலே இரண்டாம் புத்தகமாக வெளியிட்டனர். புதல்வர் வரகுண பாண்டியன் யாழைப்பற்றிப் பாணர் கைவழி என்னும் நூலை இயற்றினர்; அது 1950இல் வெளிவந்தது.

அவர் கொள்கை யாவராலும் ஒப்புக்கொள்ளப்பட்டதோ எனின், இல்லை. 22 என்பாரும் 24 என்பாரும் அவர் காலத்திலும் மாறுபட்டே நின்றனர். சமபாகமாகப் பங்கிட்ட சுரம் கணக்குக்கு இனிதாயினும், இயற்கையான பொருத்தத்தினின்றுஞ் சிறிது விலகும் என்பாரும் உளர். கடல்கொண்ட பழந்தமிழ் நாட்டைப்பற்றி அவர் எழுதியவற்றுள்ளே பல, இக்காலத்து நிலநூலார் ஏற்கத்தக்கன அல்ல. இவற்றை மறைத்துப் புகழ்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆயினும், தமிழிசைக்கு இலக்கணம் உண்டு, அதனைத் தமிழ்நூல்களிலேயே தேடுதல் வேண்டும் என்னுந் துணிவை அந்நூல் உண்டாக்கியது. 1947இலே ஈழத்துப் பெரியார் விபுலாநந்த அடிகள் யாழ்நூலை வெளியிட்டபோது, அவர் சென்ற வழி தனிவழியேயாயினும், அத்துறையிலே முன்னரே ஒருவர் காடு வெட்டி வைத்திருந்தனர்.

இனி, பிறசமயத்தார் ஒருவரை இங்ஙனம் போற்றுதல் தகுமோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். நம் தேவாரம் பண் சுமந்தது. அப்பண்ணை ஓதுவார் மரபு காவாதிருப்பின் யாம் இழந்திருப்போம். அம்மரபிலே வழங்கும் பண்களும் சிலப்பதிகாரத்துப் பாலைகளும் தமிழிசை என்னும் ஒரு வேரின் கிளைகள் எனக் கண்டு, அவ்வேரை அகழ்ந்து நோக்குதற்குத் தம் செல்வத்தையும் ஆயுளையும் ஒருவர் செலவிட்டாராயின், அவர் எச்சமயத்தவராயினும் அவர்க்கு நாம் கடன்பட்டோமே. அக்கடனை வாயாற் புகழ்ந்து தீர்த்தல் அரிது. பாடசாலையிலே தேவாரத்தை வெறுஞ் செய்யுளாக ஒப்புவிக்கச் செய்யாது, பண்ணோடு ஓதப் பயிற்றுதலே அக்கடனைத் தீர்க்கும் வழி.

தொடக்கத்திலே எழுந்த கேள்விக்கு வருவோம். பண்டிதர் இரண்டு தொழில்களை ஒருங்கு தாங்கியது எங்ஙனம்? ஒன்றைப் பொருளுக்கும் மற்றொன்றைப் பொழுதுபோக்குக்கும் வைத்தனரல்லர். இரண்டனையும் ஒரே சிரத்தையோடு செய்தனர். வைத்தியம் ஈட்டிற்று, இசை அதனைப் பெற்றுக்கொண்டது. இசையை விற்று உண்ண வேண்டாமையால், எவர் முகத்தையும் நோக்காது தாம் கண்டதனைச் சொல்ல அவரால் முடிந்தது. இடமில்லாதபோது ஒன்றை விடவும் அறிந்திருந்தனர். ஆசிரியப் பதவியை நீத்தது அதற்குச் சான்று. நம் ஊர்ப் பாடசாலைகளிலே ஓய்ந்த பொழுதிற் கலை வளர்க்கும் ஆசிரியர், பிள்ளைகளின் பொழுதிலே கைவையாதிருக்குமளவும், குறைகூறுவார்க்கு அஞ்சவேண்டுவதில்லை.