முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) இந்தியாவின் முன்னோடிப் பெண் மருத்துவர்களுள் ஒருவர்; சமூக சீர்திருத்தவாதி; சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் நிறுவனர். புற்றுநோய் வந்தால் சாவு உறுதி எனக் கருதப்பட்ட காலத்தில், அந்நோயாளிகளுக்கெனத் தனி மருத்துவமனை அமைக்கப் பல்லாண்டுகள் பாடுபட்டவர்.

இளமையும் கல்வியும்

புதுக்கோட்டையில் நாராயணசாமி ஐயர், சந்திரம்மாள் இணையருக்குப் பிறந்தார். தாயார் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்றுவந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்தார். 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1914ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தங்கையின் மறைவு

இவருடைய தங்கை சுந்தரம்பாள் மலக்குடல் புற்றுநோயால் துன்புற்று 1923ஆம் ஆண்டு இறந்தார். மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலவில்லை. நோயாளியின் வேதனையையும், அதனைக் கண்டு குடும்பம் படும் துயரையும் வீட்டிலேயே அறிந்த இவர், இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை அமைக்க உறுதி பூண்டார். 1925ஆம் ஆண்டு மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, லண்டன் அரச புற்றுநோய் மருத்துவமனையின் பணிகளைக் கண்டறிந்தார்.

பொதுவாழ்வு

சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930ஆம் ஆண்டு பதவி விலகினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

புற்றுநோய் மருத்துவமனை

குணமாகாத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அந்நாளில் பரவலாக இருந்தது. ஆகவே பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. 1949ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஏற்படுத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டு பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று, 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. தங்கை மறைந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி இம்மருத்துவமனையை வளர்த்தெடுத்தார். 1955ஆம் ஆண்டு இணைந்த மருத்துவர் வி. சாந்தா, 2021ஆம் ஆண்டு மறையும்வரை இங்கேயே பணிபுரிந்தார்.

இறுதிநிலை நோயாளிகளின் வலி தணித்துக் குடும்பத்தினருக்கும் துணை நிற்கும் தற்கால நல்லடைக்கல இல்லங்களுக்கு, 1967ஆம் ஆண்டு லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம் முன்மாதிரியாயிற்று. அடையாறு மருத்துவமனை சிகிச்சைக்கென எழுந்தது. எனினும் பிழைக்கமாட்டார் எனக் கருதப்படுபவரையும் கைவிடலாகாது என்னும் கொள்கை இரண்டுக்கும் பொதுவானது.

சிறப்புகள்

1956ஆம் ஆண்டு பத்ம பூசண் விருது பெற்றார். தமிழ்நாடு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரில் அமைந்துள்ளது.