சூரியனையும் கணக்கில் சேர்த்த பொருளியல் அறிஞர்

காலை நடையாகப் பொத்தேரி ஏரிக்கரைக்குச் செல்லும்போதெல்லாம் எனக்கு ஜே.சி. குமரப்பாவின் நினைவு வருகிறது. ஏரிக்கும் பொருளியல் அறிஞருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அத்தொடர்பை நான் உணர்ந்ததே பணி ஓய்வு பெற்ற பிறகுதான்.

கல்லூரியில் இந்தியப் பொருளியல் சிந்தனை குறித்துப் பாடம் நடத்திய ஆண்டுகளில், குமரப்பாவுக்கு நான் ஒதுக்கியது அரைமணி நேரம் மட்டுமே. நல்ல மனிதர், நடைமுறைக்கு ஒவ்வாத காந்தியவாதி என்று மாணவர்களிடம் கூறிவிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடுவேன். அது நான் செய்த பிழை. இக்கட்டுரையை அப்பிழைக்கான திருத்தம் என்றே கொள்ளலாம்.

தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4 அன்று கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவருக்கு ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்று பெயர். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் அன்றைய அரசின் வரி, செலவுக் கொள்கைக்கும் உள்ள தொடர்பை கொலம்பியாவில் ஆராய்ந்தபோதுதான் அவரது பார்வை மாறியது.

1929-இல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். மேலைநாட்டு உடையைத் துறந்து கதர் அணிந்தார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை மீண்டும் ஏற்றார். குஜராத்தின் மாதர் வட்டத்தில் ஊர் ஊராகச் சென்று உழவர்களின் வரவு செலவை மாணவர்களுடன் கணக்கெடுத்தார். உழுபவனின் கையில் எவ்வளவு குறைவாக மிஞ்சுகிறது என்பதை அந்த ஆய்வு எண்களால் காட்டியது.

இனி, ஏரிக்கு வருவோம்.

ஏரி நீரில் பாசி படர்கிறது. அதைச் சிற்றுயிர்கள் உண்கின்றன. அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களை நீர்க்காகங்களும் உண்கின்றன. இந்த உணவுச் சங்கிலிக்கு முதலீடு சூரிய ஒளி. ஒவ்வொரு படியிலும் உயிர்கள் மூச்சுவிடவும் இயங்கவும் ஆற்றலின் பெரும்பகுதியைச் செலவிட்டு விடுகின்றன. அது வெப்பமாக வெளியேறிவிடும். அடுத்த படிக்குப் போய்ச் சேருவது, இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பாசியிடம் பத்தாயிரம் அலகு ஆற்றல் இருந்தால் சிற்றுயிர்களுக்கு ஆயிரம், சிறுமீன்களுக்கு நூறு, நீர்க்காகத்துக்குப் பத்து. ஏரியில் பாசி கோடிக்கணக்கில் இருக்க, நீர்க்காகங்களை விரல்விட்டு எண்ணிவிட முடிவது இதனால்தான்.

இந்த ஆற்றல் ஓட்டத்தை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறிய ஏரியில் ஆராய்ந்தவர் ரேமண்ட் லிண்டமன். அவரது புகழ்பெற்ற கட்டுரை 1942-இல் வெளிவந்தது. அதை அச்சில் காணாமலேயே, இருபத்தேழு வயது நிறையும் முன் அவர் மறைந்தார். அதே 1942-இல் தொடங்கிய 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ஒட்டிச் சிறைப்பட்ட குமரப்பா, சிறைக்குள் இருந்தபடியே நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிய தமது நூலை எழுதினார். ஒருவர் சூழலியலாளர், மற்றவர் பொருளியலாளர். இருவரும் இயற்கையின் வரவு செலவையே எழுதினார்கள்.

குமரப்பா பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரித்தார். கொன்று தின்னும் புலியிலும், தோப்பைச் சூறையாடும் குரங்கிலும் தொடங்கி, கூட்டுக்காக உழைக்கும் தேனீ, குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை வரை அந்த வரிசை உயர்கிறது. புலியை ஒட்டுண்ணிப் பொருளாதாரத்தின் சின்னமாக அவர் கொண்டதைச் சூழலியலாளர்கள் ஏற்கமாட்டார்கள். அவர்கள் மறுப்பது நியாயமே. மான் கூட்டத்தின் அளவைத் தாண்டிப் புலி பெருக முடியாது. அதன் எல்லையை ஆற்றல் கணக்கே வகுத்துவிடுகிறது.

அந்த எல்லையை மீறக் கற்ற உயிர் மனிதன் ஒருவனே. இதையும் குமரப்பா கண்டார். ஆண்டுதோறும் வெயிலும் மழையும் தரும் விளைச்சலில் வாழ்வதை ஓட்டப் பொருளாதாரம் என்றும், நிலக்கரி, எண்ணெய் போன்ற சேமிப்பை எடுத்துச் செலவிடுவதைத் தேக்கப் பொருளாதாரம் என்றும் வேறுபடுத்தினார். நிலத்தடி எண்ணெயும் பழைய சூரிய ஒளியே. பல கோடி ஆண்டுகளின் சேமிப்பு அது. வார்தாவின் மகன்வாடியில் அவர் நடத்திய கிராமத் தொழில் சங்கத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெய் விளக்கு உருவாக்கப்பட்டது இந்தக் கணக்கின்படிதான். அவர் ரசாயன உரத்தையும் டிராக்டரையும் ஐயத்தோடு பார்த்ததும் அதனால்தான். வைக்கோல் மாட்டுக்கும் சாணம் மண்ணுக்கும் போகும் சுழற்சி அறுந்தால், அந்த இடத்தை நிரப்ப டீசல் வேண்டும்.

எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. இயற்கையின் கூம்பில் அடித்தளத்தில் உள்ள பசுந்தாவரத்திடமே ஆற்றல் மிகுதி. உச்சியில் இருப்பதற்கு மிகக் குறைவு. நாம் கட்டிய கூம்போ தலைகீழானது. விளைவிக்கும் உழவனிடம் மிஞ்சுவதே எல்லாவற்றிலும் குறைவு. விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமையேற்ற குமரப்பா, இடைத்தரகர்களை நீக்கி உழுபவனுக்கே நிலம் என்று 1949 அறிக்கையில் பரிந்துரைத்தது, அக்கூம்பை நேராக நிறுத்தும் முயற்சியே.

இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிமையாக வாழ்ந்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே நாளில், காலமானார்.

நான் கற்பித்த தேசிய வருமானக் கணக்கில், ஏரியைத் தூர்த்து எழுப்பும் கட்டடத்துக்கு மதிப்பு உண்டு. ஏரிப் பாசி ஒவ்வொரு நாளும் பிடித்துத் தரும் வெயிலுக்கு மதிப்பு சுழியம். கணக்காயரான குமரப்பா இந்த விடுபாட்டை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். அதை வகுப்பறையில் சொல்லத் தவறியவன் நான். இன்று பாடம் நடத்தும் இளம் பேராசிரியர்கள் அவருக்கு அரைமணிக்கு மேல் ஒதுக்கட்டும். முடிந்தால் அந்த வகுப்பை ஓர் ஏரிக்கரையில் நடத்தட்டும்.