அறுவை மருத்துவர் அளித்த அறிவுக் களஞ்சியம்

சென்னைக்கு வந்த சிற்றூர் மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிரியல் பூங்காவை 'உயிர்க் காலேஜ்' என்றும் வழங்கிய காலம் ஒன்றுண்டு. அவ்விரண்டிற்கும் வித்திட்ட பெருமகனார் எட்வர்டு பால்ஃபர் என்னும் படை மருத்துவர் ஆவார்.

ஸ்காட்லாந்து நாட்டு மான்ட்ரோஸ் நகரில் 1813இல் பிறந்த இவர், எடின்பரோவில் அறுவை மருத்துவம் பயின்று, 1834இல் இந்தியா வந்து கம்பெனியாரின் சென்னைப் படையில் பணியேற்றார். நோயாளியின் உடலை மட்டுமன்றி, அவர்தம் மண்ணையும் மரத்தையும் மொழியையும் அறிய வேண்டும் என்பது இவரது நோக்கமாயிருந்தது. மரங்கள் மழைக்குத் துணை செய்யும் பாங்கினை 1849லேயே ஆராய்ந்து எழுதினார். 1851இல் சென்னை அருங்காட்சியகத்தின் முதற் பொறுப்பாளரானார்.

பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுத் தேர்ந்த பால்ஃபர், முஸ்லிம் சமுதாயத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். சென்னையில் 1850இல் முகமதியப் பொது நூலகம் தோன்ற இவரே தூண்டுகோல். 1855இல் கர்நாடக நவாப் மறைந்ததும் கம்பெனியார் அப்பட்டத்தையே ஒழித்தனர். அரசு மறைந்தது, நூலகம் நின்றது. பறிப்பதும் அன்னியர் கையே, கொடுத்ததும் அன்னியர் ஒருவர் கையே என்னும் வரலாற்றின் முரண் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

மகப்பேற்று மருத்துவ நூலொன்றை இவர் இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அதனைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெயர்க்கச் செய்து தம் சொந்தப் பொருளில் அச்சிட்டார். கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரை நாடாது நோயுற்று மடிவது இவர் உள்ளத்தை வருத்தியது. எனவே, சென்னை மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்தபோது, பெண்களும் மருத்துவம் பயில வேண்டுமென வாதாடினார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி மகளிர்க்குக் கதவு திறந்தது. அங்குப் பயின்ற மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885இல் கோஷா மருத்துவமனை உருவாயிற்று.

1876இல் ஓய்வு பெற்று இலண்டன் திரும்பிய பால்ஃபர், கத்தியை வைத்துவிட்டு எழுதுகோலையே முழுநேரத் துணையாகக் கொண்டார். 1857இல் சென்னையில் தாம் வெளியிட்ட இந்தியக் கலைக்களஞ்சியத்தை மீண்டும் விரித்துத் திருத்தினார். எழுபது வயதைக் கடந்த நிலையில், 1885இல் அதன் மூன்றாம் பதிப்பை மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். பயிர்களை அழிக்கும் உயிரினங்கள் பற்றிய நூல் 1887இல் வந்தது. 1889இல் அவர் மறைந்தார்.

அவருடைய எழுத்தில் ஆளும் இனத்தாரின் பார்வை இல்லாமலில்லை. அதனை ஆய்ந்து கொள்ளுதல் நம் கடன். எனினும் சிதறிக் கிடந்த அறிவைத் திரட்டி, எளியார் கைக்கு எட்டும் மொழியில் வழங்கிய அவருடைய உழைப்பு மதிப்பிற்குரியது. கல்வி தேடுதலைக் கடமையெனக் கொண்ட சமுதாயத்தின் மாணவச் செல்வங்கள், கற்றதைத் தமிழில் பிறர்க்கு அளிப்பதும் அக்கடமையின் மறுபாதி என உணர்வார்களாக!