முதலாம் மேரி அரசியார்

இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்தை வகுப்பிற் படித்தோர் யாவரும் முதலாம் மேரி என்னும் அரசியாரின் பெயரைக் கேட்டிருப்பர். சமயக் கொள்கையை முன்னிட்டு ஏறக்குறைய 280 பேரைத் தீயிலிடுவித்தவர் என்பதே அவரைக் குறித்துப் பெரும்பாலும் நம் மனத்தில் நிற்பது. அக்கொடுமையை நாம் மறைக்கப் புகுந்தோமல்லோம். ஆயினும் அவ்வம்மையார் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத துன்பமொன்று உண்டு; அதுவே ஈண்டு நாம் எழுத எடுத்துக்கொண்டது.

மேரி, எட்டாம் ஹென்றி மன்னருக்கும் அரகான் கதரீனாளுக்கும் 1516-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி கிரீனிச் அரண்மனையிற் பிறந்தார். ஆண் மகவு வேண்டிய ஹென்றி 1533-இல் அவ்விவாகத்தைச் செல்லாதாக்கினார். மறுவருடம் பதினெட்டு வயதுடைய மேரி பட்டத்துரிமை இழந்தார். நோயுற்ற தாயைக் காணவும் அவருக்கு அனுமதி கிட்டவில்லை. 1536-இல் தாய் இறந்தபொழுதும் அவர் அருகில் இல்லை. மாதவிலக்கு ஒழுங்கின்மையும் மனச்சோர்வும் இளமை தொட்டே அவரைப் பற்றிக்கொண்டன.

1553-இல் அரியணை ஏறிய அவர், 1554 ஜூலை 25-ந் தேதி வின்செஸ்டர் நகரில், தம்மினும் பதினோராண்டு இளையவரான ஸ்பெயின் இளவரசர் பிலிப்பை மணந்தார். அரசியாருக்கு வயது முப்பத்தெட்டு. ஒரு பிள்ளை பிறவாதாயின் முடி தங்கை எலிசபெத்தைச் சேரும்; தாம் நிலைநாட்டிய சமயமும் உடன் வீழும். ஆதலின் அவர் பிள்ளைக்கு ஏங்கியது தாய்மை வேட்கை மாத்திரமன்று.

செப்டம்பர் மாதத்தில் மாதவிலக்கு நின்றது; குமட்டல் உண்டாயிற்று; வயிறும் ஸ்தனங்களும் பருத்தன. வைத்தியர்கள் கர்ப்பமே என்றனர். நவம்பரில் செயின்ட் பால் ஆலயத்தில் நன்றியாராதனை நடைபெற்றது. பிரசவத்தில் அரசியார் இறந்துபடின் குழந்தையின் பாதுகாப்பு பிலிப்பைச் சேருமென்று பார்லிமெண்டும் சட்டம் இயற்றிற்று. 1555 ஏப்ரலில் அரசியார் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிற் பேறுகால அறைக்குட் புகுந்தார். தொட்டில் அமைக்கப்பட்டது. பிற தேசத்து மன்னர்களுக்குப் பிறப்பைத் தெரிவிக்கும் கடிதங்களும், தேதி முதலியவற்றுக்கு மாத்திரம் இடம் விட்டு, ஆயத்தமாயின. ஏப்ரல் 30-ந் தேதி ஆண் மகவு பிறந்ததென்ற வதந்தி பரவ, லண்டன் மாநகர் மணியடித்துச் சொக்கப்பானை கொளுத்திக் கொண்டாடிற்று. மறுநாளே பொய்யென்று தெரிந்தது.

மே கழிந்தது, ஜூனும் கழிந்தது. வைத்தியர்கள் கணக்குத் தவறிற்றென்று நாளைத் தள்ளி வைத்துக்கொண்டே வந்தனர். அரசியிடம் மெய் கூறும் துணிவு எவர்க்கு வரும்? வயிறோ சிறுத்து வந்தது. ஆகஸ்ட் மாதம் 3-ந் தேதி, விளம்பரம் ஏதுமின்றி, அரசவை ஓட்லண்ட்ஸ் மாளிகைக்குப் பெயர்ந்தது. அம்மாத முடிவில் பிலிப் அரசியாரை விட்டுப் புறப்பட்டார்.

இவ்வரசியாரைப் பித்துற்றவர் என்பது பொருந்தாது என்பது எம் துணிபு. மனநோயுற்றோருள் சிலர், ஆடவரும் உட்பட, உடற்குறி யாதுமின்றியே தம் வயிற்றிற் கருவுளதென்று உறுதியாய் நம்புவர்; அன்று எனக் காட்டினும் ஒப்பார். அது வேறு. மேரிக்கோ உடலே சாட்சி கூறிற்று. வைத்தியரும் அமைச்சரும் நாடு முழுவதும் அதனை ஒப்புக்கொண்டனர். இத்தகைய நிலையை இக்கால வைத்தியர் பொய்க்கர்ப்பம் என்பர். அளவற்ற ஏக்கமும் மனத்துயரும் உடற்சுரப்பிகளின் முறையைக் குலைத்து இக்குறிகளைத் தோற்றுவிக்கக்கூடும். வயிற்றுக்கட்டியே காரணம் எனக் கருதுவாரும் உளர். நானூறு ஆண்டு கடந்தபின் அதனைத் தீர்மானித்தல் யார்க்கும் எளிதன்று.

1557-இல் பிலிப் சிலமாதம் வந்து தங்கி ஜூலையிற் பிரிந்தார். மறுபடியும் அரசியார் தாம் கருவுற்றதாக நம்பினார். இம்முறை நம்பியவர் சிலரே. 1558 ஜனவரியில் கலே பட்டணமும் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. மார்ச் 30-ந் தேதி எழுதிய மரணசாசனத்தில், பிறக்கப்போகும் குழந்தைக்கே முடியை உரிமையாக்கினார். குழந்தை பிறக்கவில்லை. அக்டோபர் 28-ந் தேதி, நோய் முற்றிய நிலையில், தமக்குச் சந்ததியில்லை என்றும் சட்டப்படி உரியவர்க்கே முடி செல்க என்றும் அச்சாசனத்திற் சேர்ப்பித்தார். எலிசபெத்தின் பெயரை அதில் எழுதுவிக்கவில்லை. நவம்பர் 17-ந் தேதி விடியற்காலையில், நாற்பத்திரண்டாம் வயதில், செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையிற் காலமானார்.